சொட்டு... சொட்டு... கட்!

சொட்டுநீர்க் குழாயைக் கொல்றது வெயிலா, எலியா, வயசா? மூணும் இல்லை பாஸ்... லீவு!

பீச் ரோட்டில் காத்து வாங்கிக்கிட்டே ரோஸ் மில்க்கை உறிஞ்சும்போது, ஒரே ஒரு சப்ஜா விதை ஸ்ட்ராவுக்குள் சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? ஊதிப் பார்ப்பீங்க, நசுக்கிப் பார்ப்பீங்க, கடைசியில் 'அண்ணே, வேற ஸ்ட்ரா'ன்னு கையை நீட்டுவீங்க. மேட்டர் ஓவர்.

இப்போ அதே ஸ்ட்ராவை உங்க கொல்லையில் வச்சுப் பாருங்க. நாலடிக்கு ஒரு வரிசை, ரெண்டடிக்கு ஒரு ட்ரிப்பர் என்று கணக்குப் போட்டால், ஒரு ஏக்கரில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் கறுப்புக் குழாய், அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரிப்பர்! ஒவ்வொன்றிலும் தண்ணீர் போகிற பாதை சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், சில மாடலில் அதற்கும் கம்மி. எது அடைச்சாலும் 'அண்ணே, வேற'ன்னு கேட்க அங்கே ஆள் கிடையாது.

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடிச்சு டவுன் காலேஜுக்கு வர்றவங்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், வேலி ஓரமாக, பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் கறுப்புக் குழாய். கேட்டால், 'அதெல்லாம் ரெண்டு வருஷம்தாம்பா வந்துச்சு, அப்புறம் அடைச்சுக்கிச்சு' என்பார் அப்பா. அடுத்த நாளே பழையபடி மடையைத் திறந்து வாய்க்காலில் தண்ணி பாயும்.

'அது எங்க வீட்டுப் பிரச்னை பாஸ், டவுன்ல இருக்கிறவனுக்கு என்ன?' என்று யாராவது கேட்டால் ஒரு ரவுண்டு பாரதி பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நடுவுல வெள்ளை வெளேர்னு நிக்குதே ஆயி மண்டபம்... அத்தனை பேரும் செல்ஃபி எடுக்கிற அந்த மண்டபம், டவுனுக்குத் தண்ணி வந்ததுக்கான ஞாபகச் சின்னம்! முத்திரைப்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததை ஒட்டி, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. இன்னைக்கும் இந்த ஊர் குடிக்கிறது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். கொல்லையில் போர் உறிஞ்சுவதும் நிலத்துக்கு அடியில் இருக்கும் அதே சேமிப்பைத்தான். ஒரு பக்கம் கடலை வச்சுக்கிட்டு நிலத்தடி நீரை வேகமா இறைச்சா, காலியாகிற இடத்துக்கு உப்புத் தண்ணி உள்ளே வரும். கடலோரக் கிராமங்களில் தண்ணியை வாயில் வச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். செத்துப்போன ஒரு ட்ரிப் லைன், மறுபடி திறக்கப்படும் ஒரு மடை.

சரி, அது ஏன் சாகுது? கம்பெனி சரியில்லை, வெயில் ஜாஸ்தி, எலி கடிச்சுது... காரணங்கள் நிறைய வரும். எல்லாத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய வில்லன் வேற. ஓடுற குழாய் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. ஓடாம சும்மா கிடக்கிற குழாய்தான் அடைக்கும். உள்ளே நின்ன தண்ணி மெல்ல ஆவியாகும், அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் ட்ரிப்பர் வாயில் படியும். பாசியும் பாக்டீரியாவும் கொழகொழன்னு வளர்ந்து, காய்ஞ்சதும் வார்னிஷ் மாதிரி இறுகிடும். திறந்து கிடக்கும் முனையில் எறும்பு குடும்பம் நடத்தும். செமஸ்டர் முழுக்கப் படிச்சவன் ஸ்டடி லீவுல கோட்டை விடுற கதைதான்!

நம்ம ஊர் ட்ரிப் லைனுக்கு ஸ்டடி லீவு எப்போ? ஐப்பசி, கார்த்திகை. வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்க்கிற ஊர் இது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மோட்டாரைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது. அந்த ரெண்டரை மாசத்தில்தான் ஒரு லைனோட தலையெழுத்து முடிவாகுது.

மழைக்கு முன்னாடி மூணு நாள்!

ஆயுதபூஜை லீவுல வீட்டுக்குப் போவீங்கல்ல? மோட்டாருக்குப் பொட்டு வைக்கும்போதே பக்கத்தில் இருக்கும் ஃபில்டரையும் திறந்து பாருங்க. சாதாரணமாக 130 மைக்ரான் அளவு தூசி வரைக்கும் அது பிடிச்சு வைக்கணும். தலைமுடி ரெண்டை ஒட்டி வச்ச தடிமன், அவ்வளவுதான். அந்த வலையில் ஒரு கிழிசல் இருந்தாலும் அத்தனையும் வேஸ்ட். டிஸ்க் ஃபில்டர் என்றால் தட்டுகளைத் தளர்த்தி, கயிற்றில் கோர்த்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ச்சுக் கழுவுங்க. மணல் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ரெண்டு பிரஷர் கேஜ் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் உள்ளே அழுக்கு அடைஞ்சாச்சு என்று அர்த்தம். தண்ணியைத் திருப்பிவிட்டு 'பேக் வாஷ்' கொடுக்கணும். அந்த கேஜின் கண்ணாடி உடைஞ்சு, முள் தொங்கிப்போய்க் கிடந்தால் முதல் வேலையா அதை மாத்துங்க. ஸ்பீடோமீட்டர் இல்லாம பைக் ஓட்டலாம், கேஜ் இல்லாம ட்ரிப் ஓட்டக் கூடாது.

அடுத்தது ஃப்ளஷிங். முதல்ல மெயின் குழாய், அப்புறம் சப்மெயின், கடைசியா லேட்டரல், அதாவது செடி வரிசையில் ஓடும் சன்னக் குழாய். வரிசை மாறினால் மெயினில் இருக்கும் சேறு அத்தனையும் லேட்டரலுக்குள் போய் உட்கார்ந்துக்கும். லேட்டரல் முனையில் எட்டு மாதிரி வளைஞ்ச எண்ட் கேப் இருக்கும், கழட்டுங்க. ஆனால் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் திறந்துடாதீங்க! தண்ணி வேகம் குறைஞ்சு, அழுக்கு இருந்த இடத்திலேயே ஜாலியா படுத்திருக்கும். அஞ்சாறு வரிசையாகத் திறந்து, தெளிவா வர்ற வரை விட்டு, மூடிட்டு அடுத்த செட்டுக்குப் போங்க.

அப்புறம் சுருட்டுறது. மல்லாட்டை, தர்பூசணி, காய்கறி மாதிரி குறுகியகாலப் பயிர் போட்ட கொல்லை என்றால் லேட்டரலைக் கழட்டிச் சுருட்டி எடுத்துடலாம். ஒருத்தர் இழுக்க, ஒருத்தர் வட்டமா சுத்த, ரெண்டு பேர் வேலை. தம்பியைக் கூப்பிட்டுக்கங்க. மடக்கி ஒடிச்சிடாம பெரிய வளையமா சுத்தணும், உள்ளே தண்ணி நிக்காம வடியவிடணும். ரெண்டு முனையையும் துணியால் கட்டி, மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் நிழலா தொங்கவிடுங்க. தயவுசெய்து வைக்கோல் போர் ஓரமா மட்டும் வைக்காதீங்க, அது எலிக்குப் போடுற விருந்து.

கரும்பு, தென்னை, வாழை? அங்கே சுருட்ட முடியாது. கரும்புக்கு மண்ணுக்குள்ளேயே குழாய் புதைச்சிருப்பாங்க. அதுக்கு இருக்கிற ஒரே வழி, நிறைய பேர் நம்ப மாட்டேங்கிற வழி: வாரம் ஒரு தடவை, மழை பெய்ஞ்சாலும் சரி, பத்து பதினஞ்சு நிமிஷம் மோட்டாரைப் போட்டு விடுறது. 'மழையில எவனாவது தண்ணி பாய்ச்சுவானா?'ன்னு தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். பாயுறது செடிக்கு இல்லை, குழாய்க்கு.

சேறு உறிஞ்சும் குழாய்

2024 நவம்பர் 30 ஞாபகம் இருக்கா? ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்தில் கரையைக் கடந்து, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய ராத்திரி. அது முடியறதுக்குள்ளேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்துச்சு. காலேஜுக்கு லீவு விட்டாங்க, கொல்லைக்கு யார் லீவு விடுறது?

வெள்ளம் வந்தால் ட்ரிப் லைனுக்கு நடக்கிறது ரெண்டு. ஒண்ணு, லேசான குழாய் மிதந்து அடிச்சுக்கிட்டுப் போகும். இது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். ரெண்டாவது தெரியாது. மோட்டார் நின்னதும் குழாயில் இருக்கும் தண்ணி பள்ளத்தைப் பார்த்து இறங்கும். இறங்கும்போது மேட்டுப் பக்கம் வெற்றிடம் உண்டாகும். ட்ரிப்பர் சேத்துக் குட்டைக்குள் கிடந்தால்? சொட்டுவிட வேண்டிய ஓட்டை வழியாவே சேறு உள்ளே உறிஞ்சப்படும்! ஃபில்டரைத் தாண்டாமலே, பின்வாசல் வழியா வந்த விருந்தாளி. இதைத் தடுக்கத்தான் சப்மெயினில் மேட்டுப் பக்கம் காத்து வால்வு வைக்கிறாங்க. அதோட உள் பந்து ஒட்டிக்காம ஆடுதான்னு குச்சியால் தட்டிப் பாருங்க. லேட்டரலைப் போடும்போது ட்ரிப்பர் வாய் மேலே பார்த்த மாதிரி போடுங்க. காசு செலவில்லாத வேலை இது, ஆனா முக்கால்வாசிப் பேர் செய்யறதில்லை.

தை பொறந்தா பனியன் துணி!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறவங்களுக்கு அடுத்த டியூட்டி. லைனை மறுபடி விரிச்சு, எண்ட் கேப்பைக் கழட்டி, முனையில் பழைய வெள்ளை பனியன் துணியைக் கட்டிட்டு மோட்டாரைப் போடுங்க. முதலில் வர்ற தண்ணியை அந்தத் துணி வடிகட்டும். இப்போ துணியைப் பிரிச்சுப் படிங்க, ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி!

மணல் இருந்தால் ஃபில்டர் வலை போச்சு, இல்லேன்னா போரே மணல் தள்ளுது. வெள்ளைப் பொடி இருந்தால் சுண்ணாம்பு. சந்தேகமா இருந்தா ரெண்டு சொட்டு ஆசிட் விடுங்க, நுரைச்சுக்கிட்டு பொங்கினா கன்ஃபர்ம். பச்சையாக, கொழகொழன்னு இருந்தால் தொட்டியிலிருந்து வர்ற பாசி, தொட்டிக்கு மூடி போடணும். துரு கலரில் பிசுபிசுப்பு இருந்தால் இரும்பு. பக்கெட்டில் பிடிச்ச போர் தண்ணி மறுநாள் மஞ்சளாகி, அடியில் படியுதே, அதே கேஸ்தான். இந்தத் தண்ணியை நேரா லைனில் விடக் கூடாது. முதல்ல தொட்டியில் உயரத்திலிருந்து கொட்டி, காத்து படவச்சு, துரு அடியில் தங்கின பிறகு ஃபில்டருக்கு அனுப்பணும்.

துணி சொல்ற ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் வைத்தியம். சுண்ணாம்புக்கு ஆசிட், பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் குளோரின். எல்லாத்துக்கும் ஆசிட்டே ஊத்துறது தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை சாப்பிடுற மாதிரி.

கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் வருதா?

'டைட்ரேஷன் எதுக்குடா படிக்கிறோம்?'னு புலம்பினவங்க கையைத் தூக்குங்க! இதுக்குத்தான். பத்து லிட்டர் பக்கெட்டில் உங்க போர் தண்ணியைப் பிடிங்க. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அளந்து விட்டு, பி.ஹெச். பேப்பரை நனைச்சுப் பார்த்துக்கிட்டே வாங்க. நாலுக்கு வந்ததும் நிறுத்துங்க. எத்தனை மில்லி ஆச்சோ, அதுதான் பத்து லிட்டருக்கு டோஸ். ஆசிட் போகும் நேரத்தில் லைனில் எவ்வளவு தண்ணி ஓடுமோ அதுக்குத் தகுந்த மாதிரி பெருக்கிக்கங்க. பக்கத்து கொல்லைக்காரர் சொன்ன அளவு உங்களுக்குச் செட் ஆகாது, தண்ணிக்குத் தண்ணி வேற.

வென்ச்சுரி வழியா ஆசிட்டை உள்ளே விட்டு, கடைசி ட்ரிப்பரில் சொட்டுற தண்ணியும் நாலு காட்டினதும் மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் அப்படியே ஊறவிடுங்க. மறுநாள் எண்ட் கேப்பைத் திறந்து நல்லா ஃப்ளஷ். அறுவடை முடிஞ்சு நிலம் சும்மா இருக்கும்போது செய்யறது நல்லது.

இப்போ ஜோக்கை நிறுத்திட்டு ஒரு நிமிஷம். தண்ணியில்தான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்டில் தண்ணியை ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். கையில் ரப்பர் கிளவுஸ், கண்ணில் கண்ணாடி இல்லாம தொடாதீங்க. எல்லாத்தையும் விட முக்கியம்: ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒண்ணா சேரவே கூடாது. சேர்ந்தா வர்றது குளோரின் வாயு, மோட்டார் கொட்டகை மாதிரி சின்ன இடத்தில் அது ஆளையே கொல்லும். ஒண்ணு முடிஞ்சு, லைனை முழுக்கக் கழுவின பிறகு, வேற ஒரு நாளில்தான் இன்னொண்ணு. அதுக்கு வேற பக்கெட், வேற மக்கு. ப்ளீச்சிங் பவுடரைக் கரைச்சதும் அப்படியே ஊத்தாம, தெளியவிட்டு மேல் தண்ணியை மட்டும் எடுங்க. அடியில் தங்குறது சுண்ணாம்பு. அதுவும் உள்ளே போனா, அடைப்பை எடுக்கப் போய் அடைப்பை வாங்கிட்டு வந்த கதையாயிடும்.

உரத்திலும் இதே ஆபத்து இருக்கு. கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட், பாஸ்பேட் உரங்களையும் ஒரே வாளியில் கலக்கினா சாக்பீஸ் மாவு மாதிரி திரியும். தனித்தனி நாளில் கொடுங்க. உரம் விட்டு முடிச்ச பிறகு பத்து பதினஞ்சு நிமிஷம் வெறும் தண்ணி ஓடணும். 'உரம் முடிஞ்சுது, கரண்ட் மிச்சம்'னு டக்குனு மோட்டாரை நிறுத்தினா, குழாய்க்குள்ளே உரக் கரைசல் தங்கி, பாசிக்கு அன்னதானம்.

36 செகண்ட் மேஜிக்

லைன் நல்லா இருக்கா, படுத்துடுச்சான்னு கண்ணால் பார்த்து சொல்ல முடியாது. சொட்டுற ட்ரிப்பர் எல்லாம் சரியா சொட்டுதுன்னு அர்த்தமில்லை. ஒரு டம்ளர், அளவு குறிச்ச மருந்து மூடி, செல்போனில் ஸ்டாப்வாட்ச். ட்ரிப்பருக்குக் கீழே குழி பறிச்சு டம்ளரை வச்சு, சரியா 36 செகண்ட் பிடிங்க. எத்தனை மில்லி விழுந்துதோ அதைப் பத்தால் வகுத்தா, அந்த ட்ரிப்பர் மணிக்கு எத்தனை லிட்டர் விடுதுன்னு தெரிஞ்சிடும். 40 மில்லி வந்தா 4 லிட்டர். எப்படின்னா, 36 செகண்ட் என்பது ஒரு மணி நேரத்தில் நூத்தில் ஒரு பங்கு. சிம்பிள்!

முதல் வரிசையில் ஆரம்பம், நடு, முனை. நடு வரிசையில் அதே மூணு. கடைசி வரிசையில் அதே மூணு. மொத்தம் ஒன்பது டம்ளர். பழைய ரெக்கார்டு நோட்டில் தேதி போட்டு எழுதி வைங்க. தையில் 40 வந்த இடத்தில் பங்குனியில் 30 வந்தா, செடி வாடுறதுக்கு முன்னாடியே உங்களுக்குச் சேதி வந்தாச்சு. வாடின பிறகு கண்டுபிடிச்சா, அந்த வரிசைக்காக மொத்த மோட்டாரும் கூடுதல் நேரம் ஓடும், மத்த வரிசையெல்லாம் குளிக்கும்.

அடைச்ச ட்ரிப்பரை ஊக்கால் குத்தி விடுற வழக்கத்துக்கு இங்கேயே ஒரு கும்பிடு. ஓட்டை பெருசாகி, அந்த ஒரு செடி நாலு செடி தண்ணியைக் குடிச்சிடும். கழட்டி மாட்டுற மாடல்னா கழட்டிக் கழுவுங்க, இல்லேன்னா வேற மாட்டுங்க.

கத்திரியில் எலி பண்ற அட்டகாசம் தனி. அக்னி நட்சத்திர வெயிலில் தாகத்துக்குத்தான் எலியும் அணிலும் குழாயைக் கடிக்குது. வரப்பு ஓரமா நாலு மண் சட்டியில் தண்ணி வச்சுப் பாருங்க, கடி குறையும். கடிச்ச இடத்தை வெட்டி எடுத்துட்டு ஜாயினர் போடுங்க. தீக்குச்சி சொருகுற வைத்தியம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும்.

கொல்லை இல்லாதவங்களுக்கு மொட்டை மாடி

முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் மாடித் தோட்டம் போட்டு, அம்மா வளர்க்கிற கத்திரிக்காய்க்கு ட்ரிப் மாட்டினவங்க நிறைய பேர். அவங்க பெரும்பாலும் சொல்ற புகார், 'புதுசு பாஸ், அதுக்குள்ள அடைச்சிடுச்சு!' அடைச்சிருக்காது. பத்து மீட்டர் உயரத் தண்ணிதான் ஒரு கிலோ அழுத்தம். உங்க சின்டெக்ஸ் டேங்க் தொட்டிச் செடியை விட ஒன்றரை மீட்டர்தான் உசரம். மணிக்கு 4 லிட்டர்னு எழுதியிருக்கிற ட்ரிப்பர் அதில் பாதிகூடத் தராது. குறைந்த அழுத்தத்தில் ஓடுற மாடலா கேட்டு வாங்குங்க. அப்புறம், பேக் வாஷ், ஆசிட் எதுவும் மாடிக்கு வேணாம். டேங்க் வாயில் சின்ன ஸ்க்ரீன் ஃபில்டர், வெயில் படாத மூடி, பதினஞ்சு நாளுக்கு ஒரு ஃப்ளஷ் போதும். மழை மாசத்தில் கழட்டிச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வச்சிடுங்க.

ஏழு வருஷக் கணக்கு

மானியத்தில் வந்த சாமான்தானே, போனா வேற வாங்கிக்கலாம்னு ஒரு நினைப்பு பல வீட்டில் உண்டு. 'துளி நீரில் அதிக பயிர்' திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மத்தவங்களுக்கு 45 சதவீதம் என்பது அடிப்படைக் கணக்கு. பக்கத்துத் தமிழ்நாட்டில் மாநில அரசு பணம் சேர்த்து, சிறு, குறு விவசாயிக்கு 100, மத்தவங்களுக்கு 75 சதவீதம் ஆக்கினாங்க. ஆனால் அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க ஏழு வருஷம் காத்திருக்கணும். ரெண்டாம் வருஷம் அடைச்சுப் போனா, நடுவுல இருக்கும் அஞ்சு வருஷமும் மடைதான். நீங்க ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது அடைச்ச லைன், டிகிரி வாங்கி வேலைக்குப் போன பிறகும் அப்படியே கிடக்கும்.

தண்ணியில் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்காம இதில் எதையும் ஆரம்பிக்க வேணாம். டவுனிலிருந்து கிட்டேயே, குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. காரைக்கால் நண்பர்களுக்கு பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி. போகும்போது சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலில் போர் தண்ணி எடுத்துட்டுப் போங்க. மோட்டார் போட்டதும் வர்ற முதல் தண்ணியைப் பிடிக்காதீங்க, பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடிங்க. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்னா போர் தண்ணியாலேயே மூணு தடவை அலசிட்டு, கழுத்து வரை நிரப்பி, மூடிபோட்டு, அன்னைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க.